கரியைத் தாழியில் போடுவதா, கட்டுத்தரையில் போடுவதா? டாக்டரம்மா பதில்கள்

போன மாதம் இந்தப் பகுதியில், கழிச்சல் கண்ட மாட்டுக்குக் கரித்தூள் கொடுப்பதைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்கள் ஒரு மஞ்சப்பை நிறைய இருக்கின்றன. ஆகவே இந்த மாதம் முழுக்கக் கரிதான். கால்நடை மருந்தகத்தில் 31 வருஷம் வேலை பார்த்தேன். இப்போது கோபிக்குப் பக்கத்தில் நாலு மாடுகளோடு இருக்கிறேன். அங்கே பார்த்ததையும் இங்கே செய்து பார்த்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

காங்கேயத்திலிருந்து ஒரு வாசகர்: "வணக்கமுங்க டாக்டரம்மா. எங்களுக்குத் தென்னந்தோப்பும் ஆறு கறவை மாடும் இருக்குதுங்க. பக்கத்திலேயே தேங்காய்த்தொட்டிக்கரி சுடுகிற களம். தினமும் பயோசார் கொடுத்தால் பால் கூடும், மீத்தேன் குறையும், தீனிச் செலவு மிச்சமாகும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். ஆஸ்திரேலியாவில் ஒரு விவசாயி வருஷக்கணக்காகக் கொடுக்கிறாராம். நானும் தாழியில் கலக்கலாமுங்களா? ஒரு மாட்டுக்கு எவ்வளவு?"

தம்பி, பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினமும் வேண்டாம். தீனி மாறி வயிறு கெட்டுப்போன சமயத்தில், பெரிய மாட்டுக்கு நாளைக்கு 100 கிராம் வீதம், நாலைந்து நாள் கொடுங்கள். அதோடு நிறுத்திவிடுங்கள். மீதிக் கரிக்கு உங்கள் கட்டுத்தரையிலேயே நல்ல வேலை இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பயோசார் என்பது புது மருந்து இல்லை. மரம், உமி, தேங்காய்த்தொட்டி மாதிரிப் பொருளைக் காற்று அதிகம் புகவிடாமல் 450 முதல் 700 டிகிரி வரை சூடாக்கினால் கிடைக்கிற கரி அது. உயிர்க்கரி என்றும் எழுதுகிறார்கள். அடுப்புக்காகச் சுட்டால் அடுப்புக்கரி. மண்ணுக்கும் மாட்டுக்குமென்று சுத்தமான பொருளைத் தேர்ந்தெடுத்து, பதம் பார்த்துச் சுட்டால் பயோசார். மாட்டின் வயிற்றில் அது செரிக்காது. உள்ளே போனது அப்படியே சாணியோடு வெளியே வந்துவிடும். அதனால் அதைத் தீனி என்று எண்ண வேண்டாம். 100 கிராம் கரி போட்டால் 100 கிராம் தவிடு மிச்சம் என்ற கணக்கு இங்கே நடக்காது.

உள்ளே போய் வெளியே வரும் வழியில் அது ஒரே ஒரு வேலை செய்கிறது. அதன் நுண்ணிய துளைகளில் பல பொருள்கள் ஒட்டிக்கொள்கின்றன. பூசண நஞ்சு ஒட்டும், சில செடிகளின் விஷம் ஒட்டும். அதே மாதிரி நீங்கள் காசு கொடுத்து வாங்கிய குடற்புழு மாத்திரையும் ஒட்டும், சில வைட்டமின்களும் ஒட்டும். எது நல்லது, எது கெட்டது என்று கரி பிரித்துப் பார்க்காது. தினமும் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். வாய்வழி மருந்து எதையாவது கொடுத்திருந்தால், அதற்கும் கரிக்கும் நடுவே ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள்.

அந்த ஆஸ்திரேலிய விவசாயியின் கதை நிஜம்தான். டக் பவ் என்பது அவர் பெயர். மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில் மான்ஜிமப் என்ற ஊர்க்காரர். ஜாரா மரத்துக் கரியைக் கழிவுப்பாகில் கலந்து ஒரு மாட்டுக்கு நாளைக்கு ஏறக்குறைய 330 கிராம் கொடுத்தார். மூன்று வருஷம் அந்த நிலத்து மண்ணைப் பரிசோதித்து, 2015-இல் ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டார்கள். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அவருடைய குறி பாலைவிட மண்மேல்தான் இருந்தது. அவர் மாடுகள் திறந்த புல்வெளியில் மேய்கின்றன. போட்ட இடத்திலேயே சாணி கிடக்கிறது. சாணி வண்டுகள் அதைத் துளைத்து, கரியோடு சேர்த்து மண்ணுக்குள் கொண்டுபோகின்றன. 40 செ.மீ. ஆழம் வரை மண்ணிலிருந்து அந்தக் கரியை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். டிராக்டர் இல்லை, உழவு இல்லை, ஆள் கூலி இல்லை. கரியைக் காடு முழுக்கத் தூவும் வேலையை மாடும், அதை மண்ணில் புதைக்கும் வேலையை வண்டும் செய்துவிட்டன.

அந்த வண்டுக்கும் ஒரு கதை உண்டு. ஆஸ்திரேலியாவின் சொந்த வண்டுகள் கங்காரு புழுக்கைக்குப் பழகியவை. வெள்ளைக்காரர்கள் மாடுகளைக் கொண்டுவந்து இறக்கியபோது அந்தச் சாணியை அவற்றால் சமாளிக்க முடியவில்லை. சாணி வருஷக்கணக்கில் காய்ந்து கிடந்தது, ஈ பெருகியது. 1960-களில் அந்நாட்டு அறிவியல் நிறுவனம் வெளிநாட்டு வண்டுகளைத் தேடிக் கொண்டுவந்து விட்டது. அந்த ஏற்பாட்டின் மேல்தான் பவ் தன் முறையைக் கட்டினார்.

இப்போது உங்கள் கட்டுத்தரையைப் பாருங்கள். ஆறு மாடும் கட்டிக் கிடக்கின்றன. காலையில் சாணியை வாரி எருக்குழியில் போடுகிறீர்கள். எரு மக்கிய பிறகு தென்னைக்கு நீங்களே சுமந்து போடுகிறீர்கள். மாடும் வண்டும் அங்கே செய்கிற சுமைவேலையை இங்கே உங்கள் கையும் கூடையும் ஏற்கனவே செய்துகொண்டிருக்கின்றன. அப்படியிருக்க, கரி எதற்கு மாட்டின் வயிற்றைச் சுற்றிக்கொண்டு எருக்குழிக்குப் போக வேண்டும்? நேராகவே போடலாமே.

மாடு ஏப்பத்தில் வெளியே விடுகிற வாயுவான மீத்தேன் விஷயத்துக்கு வருகிறேன். லாவோஸ் நாட்டில் 2012-இல் வெளிவந்த ஒரு ஆய்வு, உள்ளூர் மஞ்சள் மாடுகள் பன்னிரண்டை வைத்துச் செய்தது. மரவள்ளிக் கிழங்கும் மரவள்ளித் தழையும்தான் தீனி. அதில் உமிக்கரியை நூற்றுக்கு 0.6 பங்கு அளவில் சேர்த்தார்கள். மீத்தேன் 22 சதவீதம் குறைந்தது, எடை 25 சதவீதம் கூடுதலாக ஏறியது. வீடியோக்களில் வருகிற எண்களுக்குப் பெரும்பாலும் இதுதான் ஊற்று. ஆனால் 2019-இல் கனடாவில் பைன் மரக் கரியை 2 சதவீதம் வரை கிடாரிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மீத்தேன் அசையவே இல்லை. அங்கே தீனி பார்லி சைலேஜ், அதாவது பார்லிப் பயிரைப் பச்சையாக நறுக்கிக் காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்தது. மரம் வேறு, தீனி வேறு, மாடு வேறு என்றால் முடிவும் வேறாகிறது. ஒரு ஊர் மாட்டின் கணக்கை இன்னொரு ஊர் மாட்டின் மேல் எழுதிவைப்பது சரியில்லை.

பால்? 2021-இல் என் நாலு மாட்டுக்கும் இரண்டு மாதம் தினமும் 100 கிராம் வீதம் கொடுத்துப் பார்த்தேன். சொசைட்டி நோட்டில் பால் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, கொழுப்பும் அதே. சாணி மட்டும் கெட்டியாக விழுந்தது. நாற்றம் குறைந்ததை என் மருமகளே சொன்னாள். அதே தாழியில் தாது உப்பையும் சேர்த்துப் போட்டுக்கொண்டிருந்தேன். கொடுத்த தாது உப்பில் எவ்வளவு மாட்டுக்குப் போனது, எவ்வளவு கரியோடு சாணிக்குப் போனது என்று யோசித்தபோது மனசு கேட்கவில்லை. நிறுத்திவிட்டேன்.

அந்தக் கரி மூட்டை மிச்சமிருந்தது. அதைத்தான் கட்டுத்தரையில் போட ஆரம்பித்தேன். சாயங்காலம் மாடு படுக்கிற இடத்திலும், கோமியம் ஓடுகிற வாய்க்காலிலும் மாட்டுக்கு இரண்டு கை கரித்தூள். காலையில் சாணியோடு சேர்த்து வாரி எருக்குழிக்குப் போகும். கட்டுத்தரையில் கண்ணைக் கரிக்கிற நெடி இருக்கிறதே, அது கோமியத்திலிருந்து எழும்புகிற அம்மோனியா. உங்கள் தென்னைக்குப் போக வேண்டிய தழைச்சத்துதான் காற்றில் போகிறது. கரி அதில் ஒரு பங்கைப் பிடித்து வைக்கிறது. அதுமட்டுமில்லை, வெறும் கரியை நேரடியாக மண்ணில் போட்டால் முதலில் அதுவே மண்ணிலிருக்கும் சத்தைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். கோமியத்தில் ஊறி, எருவோடு கிடந்து வந்த கரிக்கு அந்தக் குறை கிடையாது. நாலு மாதம் கழித்துக் குழியை வெட்டினபோது எரு உதிரி உதிரியாக, நெடியில்லாமல் இருந்தது. மழைக்காலத்தில் மாடு படுக்கிற தரை சீக்கிரம் காய்வது இன்னொரு லாபம். ஆறு மாடும் தொட்டிக்கரிக் களமும் பக்கத்தில் இருக்கிற உங்களுக்கு இதைவிட வசதி வேறு யாருக்கு இருக்கிறது?

இராமநாதபுரத்திலிருந்து ஒரு வாசகர்: "எங்கள் பக்கம் சீமைக்கருவேலம் மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறோம். தூள்கரி சல்லிசாகக் கிடைக்கும். அதை மாட்டுக்குக் கொடுக்கலாமா? கடையில் பாக்கெட்டில் விற்கிற பயோசார்தான் வேண்டுமா?"

மரத்தில் குற்றமில்லை. மூட்டத்தில்தான் கவனம் வேண்டும். மண்ணும் வைக்கோலும் போட்டு மூடி எரிக்கிற மூட்டத்தில் எல்லா விறகும் ஒரே பதமாக வேகாது. ஓரத்தில் அரைவேக்காட்டுக் கரி இருக்கும், அதில் தார் இருக்கும். அந்தத் தாரில் உள்ள சில பொருள்கள் புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை. கறவை மாட்டுக்கு அதைக் கொடுக்கவே கூடாது. அப்புறம் நீங்கள் சொல்கிற தூள்கரி, மூட்டத்தின் அடியில் வாரி எடுப்பது. அதில் மண்ணும் சாம்பலும் கலந்திருக்கும்.

கட்டிக்கரியாகப் பொறுக்கி எடுங்கள். தட்டினால் கணீரென்று சத்தம் வர வேண்டும். கையில் தேய்த்துவிட்டு வெறும் தண்ணீரில் கழுவுங்கள். கறுப்பு போய்விட்டால் நல்ல கரி. பிசுபிசுப்பாக ஒட்டிக்கொண்டு சோப்புக் கேட்டால் தார் இருக்கிறது என்று அர்த்தம். புகை வாடை வீசினாலும் ஒதுக்கிவிடுங்கள். பெயிண்ட் அடித்த மரம், பிளைவுட், பழைய கட்டடச் சட்டம் இவற்றைச் சுட்ட கரி, அடுப்புக்கென்று அச்சில் அழுத்தி விற்கிற கரிக்கட்டி, இவை எதுவும் மாட்டுப் பக்கமே வரக்கூடாது. பூச்சிலும் பசையிலும் இருக்கிறது பாலுக்கு வரும். ஐரோப்பாவில் தீனிக்கான கரிக்கென்றே தனித் தரச்சான்று வைத்திருக்கிறார்கள். இந்தத் தார்ப் பொருள்கள், டையாக்சின், ஈயம் மாதிரி உலோகங்கள் எல்லாவற்றுக்கும் அளவு கட்டியிருக்கிறார்கள். காரணமில்லாமல் அப்படிச் செய்யவில்லை.

பாக்கெட் என்பதாலேயே நம்பவும் வேண்டாம். விவசாயக் கண்காட்சி ஒன்றில் "மாட்டுக்கான பயோசார்" என்று ஐந்து கிலோ பை வாங்கினேன். ஒரு கைப்பிடியைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கி வைத்தேன். மறுநாள் காலையில் அடியில் விரற்கடை உயரத்துக்கு மணல். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. மாட்டுக்காரர் காசு என்றால் அவ்வளவு லேசா? எங்கே வாங்கினாலும் இந்த டம்ளர் சோதனையைச் செய்துவிட்டுக் கொடுங்கள்.

கொடுக்கும்போது பொடி செய்து, தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, கொஞ்சம் கழிவுப்பாகோ வெல்லக் கரைசலோ சேர்த்துத் தவிட்டில் பிசையுங்கள். உலர்ந்த தூளைத் தாழியில் கொட்டினால் மாடு மூச்சை விடும்போதே பறக்கும், தும்மும், தீனியை விட்டு விலகிவிடும். அரைக்கிறவர்களும் மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

தாளவாடியிலிருந்து ஒரு வாசகி: "அம்மா, எங்கள் மாடுகள் காட்டோரம் மேய்கின்றன. போன கோடையில் இரண்டு மாடுகள் உண்ணிச்செடியைத் தின்றுவிட்டன. மூக்கு வெடித்து, கண் மஞ்சளாகி, தீனி எடுக்கவில்லை. அடுப்புக்கரியை அரைத்து ஊற்றச் சொன்னார்கள். ஊற்றினோம். ஒன்று பிழைத்தது, ஒன்று செத்துப்போனது. நாங்கள் செய்தது சரியா, தவறா?"

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். 1988-இல் என் முதல் வேலையே தாளவாடியில்தான். அந்த வருஷக் கோடையில் காய்ச்சல் மாதிரி ஊரெல்லாம் இதே நோய். காட்டில் புல் கருகிவிட்டது, உண்ணிச்செடி மட்டும் பச்சையாக நின்றது. அந்தக் காட்டில் பழகிய மாடு சாதாரணமாக அதைத் தொடாது. பசி தாங்காத மாடும், சந்தையில் புதிதாக வாங்கி வந்த மாடும்தான் வாய் வைக்கும். முதல் நாள் பார்த்த மாட்டை இன்னும் மறக்கவில்லை. சுட்டி வெள்ளையாக இருந்த இடமெல்லாம் வெந்த மாதிரித் தோல் உரிந்து, மூக்குத்தோல் பாளம் பாளமாக வெடித்து, நிழலைத் தேடி வேலி ஓரம் ஒடுங்கி நின்றது.

அந்தச் செடியின் விஷம் கல்லீரலைத் தாக்குகிறது. பித்தம் வெளியேற முடியாமல் ரத்தத்திலேயே தங்கிவிடும். அதோடு புல்லிலிருந்து வருகிற ஒரு பொருளும் தோலுக்கு வந்து, வெயில் பட்டதும் தோலைப் பொசுக்கும். இன்னொன்று நடக்கிறது, அதுதான் கரிக்கு இங்கே இடம் தருகிறது. மாட்டின் பெரிய வயிறு அசைவதை நிறுத்திவிடும். தின்ற தழை உள்ளேயே கிடக்கும், விஷம் நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஊறிக்கொண்டே இருக்கும். அதனால் மூன்றாம் நாள் கரி கொடுத்தாலும் பிடிப்பதற்கு அங்கே விஷம் மிச்சமிருக்கிறது. ஆகவே கரி ஊற்றச் சொன்னவர் தவறாகச் சொல்லவில்லை.

அளவுதான் யாரும் நினைக்காத அளவு. முழு வளர்ச்சி பெற்ற மாட்டுக்குச் செறிவூட்டிய கரி இரண்டரை கிலோவை, உப்புச்சத்துக் கரைசல் 20 லிட்டரில் கலக்க வேண்டும். ஆடு என்றால் அரைக் கிலோ, 4 லிட்டரில். செறிவூட்டிய கரி என்பது, கரியை இன்னும் பெரிய சூட்டில் நீராவி விட்டுத் துளைகளைப் பெருக்கியது. ஒரு கிராமுக்குள் ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்கு உட்பரப்பு இருக்கும். காங்கேயம் பக்கத்துத் தொட்டிக்கரி பல ஆலைகளில் இதற்காகத்தான் போகிறது. அடுப்புக்கரிக்கு அந்தப் பிடிப்பு இல்லை. நீங்கள் ஒரு கைப்பிடி அடுப்புக்கரி ஊற்றியிருந்தால், அது கெடுதல் இல்லை, ஆனால் போதவும் போதாது.

88-இல் என்னிடமும் செறிவூட்டிய கரி இல்லை. கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் வர மூன்று நாள் ஆனது. அதுவரை ஊர்ப் பெண்கள் உரலில் இடித்துக் கொடுத்த தொட்டிக்கரியைத்தான் ராத்திரி பூராவும் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். சில மாடுகள் எழுந்தன, சில எழவில்லை. எழுந்தது கரியாலா, நிழலாலா, தின்றது குறைவாக இருந்ததாலா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. மூன்றாம் நாள் மூட்டை வந்த பிறகு கொடுத்த மாடுகள் அசைபோட ஆரம்பித்ததை என் கண்ணால் பார்த்தேன்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். 20 லிட்டர் கரித்தண்ணீரை மூங்கில் குழாயில் வாய்வழியாக ஊற்றவே கூடாது. தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குப் போகும். கரி நுரையீரலுக்குப் போன மாடு பிழைப்பது கஷ்டம். விஷத்தில் சாகாத மாடு இதில் செத்துப்போனதைப் பார்த்திருக்கிறேன். வயிற்றுக்குழாய் போட்டு மருத்துவர்தான் கொடுக்க வேண்டும். 1962-க்குப் போன் பண்ணுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் வரும். வரும்வரை மாட்டை இருட்டான நிழலில் கட்டிப் பச்சைத்தீனியை நிறுத்தி, தண்ணீர் எவ்வளவு குடிக்கிறதோ அவ்வளவு காட்டுங்கள். செத்துப்போன மாட்டுக்கு நீங்கள் காரணம் இல்லையம்மா.

திருவண்ணாமலையிலிருந்து ஒரு வாசகர்: "கடலைப் புண்ணாக்கு இரண்டு மூட்டை மழையில் நனைந்து பூசணம் பூத்துவிட்டது. காயவைத்துக் கரித்தூள் கலந்தால் விஷம் போய்விடும் என்கிறார்கள். கறவை மாட்டுக்குக் கொடுக்கலாமா? நிறையப் பணம் போட்டு வாங்கினது."

ஐயா, பணம் போட்டு வாங்கியது தெரிகிறது. இருந்தாலும் வேண்டாம். பச்சைப் பூசணத்தின் விஷம் அஃப்ளாடாக்சின். வெயிலில் காயவைத்தால் பூசணம் சாகும், விஷம் போகாது. மாடு தின்ற ஒரு நாளுக்குள் பாலில் வந்துவிடும். பாலைக் காய்ச்சினாலும் அழியாது. அந்தப் பாலைக் குடிப்பது நம் வீட்டுக் குழந்தைகள்.

இது நம் மாநிலத்தின் வலி என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளை எடுத்துப் பார்த்தது. 368-இல் இந்த விஷம் அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 551 மாதிரியில் 88. அனுமதித்த அளவு ஒரு கிலோ பாலுக்கு 0.5 மைக்ரோகிராம். தண்ணீர் கலந்ததாலோ ரசாயனம் சேர்த்ததாலோ வந்ததில்லை இது. தீனி மூட்டையிலிருந்து வந்தது.

கரி இந்த விஷத்தைப் பிடிக்கும் என்பது சோதனைக்குழாயில் உண்மை. கறவை மாட்டில் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளோ ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் பாலில் விஷம் குறைந்தது, சிலவற்றில் பேருக்குக்கூடக் குறையவில்லை. குறைந்த இடத்திலும் முழுசாகப் போகவில்லை. கரியை நம்பிக் கெட்ட புண்ணாக்கைக் கொடுக்கிற பழக்கம் வந்துவிடுமோ என்பதுதான் என் பயம். அந்த இரண்டு மூட்டையையும் முகத்தில் துணி கட்டிக்கொண்டு எருக்குழியில் கொட்டி மண் போட்டு மூடுங்கள். ஏற்கனவே கொடுத்திருந்தால் இன்றே நிறுத்துங்கள். மூன்று நாலு நாளில் பாலில் வருவது அடங்கிவிடும். அடுத்த மூட்டையைச் சுவரை விட்டுத் தள்ளி, மரப்பலகை மேல் அடுக்குங்கள்.

விருதுநகரிலிருந்து ஒரு வாசகர்: "வெள்ளாட்டுக்குக் கரி கொடுத்தால் எடை கூடுமா?"

வியட்நாமில் மூங்கில் கரி கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். துவர்ப்பு அதிகமுள்ள ஒரு வேலமரத் தழையைத் தின்ற குட்டிகள் அவை. ஒரு கிலோ உடல் எடைக்கு அரை கிராம் என்ற அளவில்தான் நன்றாக வளர்ந்தன. துவர்ப்புப் பொருளைக் கரி பிடித்துக்கொண்டதால் வந்த லாபம் அது. உங்கள் ஆடுகள் கொட்டிலிலேயே அடைத்து, ஒரே துவர்ப்புத் தழையோ கருவேலங்காயோ மட்டும் தின்றால் 20 கிலோ ஆட்டுக்கு 10 கிராம் கொடுத்துப் பார்க்கலாம். நாலு செடி மேய்கிற ஆட்டுக்குத் தேவையில்லை. அது தானே மாற்றி மாற்றிக் கடித்துச் சரிசெய்துகொள்ளும்.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: "மறுதாம்புச் சோளத்தில் மாடு புகுந்து மேய்ந்துவிட்டால் கரி ஊற்றலாமா?"

கூடாது. அதில் நேரத்தை விடாதீர்கள். வாடி நின்று மழைக்குத் துளிர்த்த இளஞ்சோளத்தில் உள்ளது சயனைடு. கரி அதைச் சரியாகப் பிடிக்காது, மாடு சில நிமிஷங்களிலேயே விழும். மூச்சு வாங்கி, நடுங்கி, வாய்ச்சவ்வு செக்கச்செவேலென்று தெரிந்தால் உடனே மருத்துவருக்குப் போன் பண்ணுங்கள். தயோசல்பேட் ஊசி ரத்தக்குழாயில் போக வேண்டும். பூ எடுக்கும் முன் சோளப் பயிரில் மாட்டை விடாமல் இருப்பதுதான் நம் கையில் இருப்பது. யூரியா தின்ற மாட்டுக்கும் கரி உதவாது.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு வாசகி: "ஒரு மாதக் கன்று மூன்று நாளாகக் கழிகிறது. கரித்தூள் கொடுக்கலாமா, எவ்வளவு?"

கன்று கழிச்சலில் சாவது பெரும்பாலும் தண்ணீர் வற்றித்தான். அதனால் முதலில் தண்ணீர். ஒரு லிட்டர் ஆறிய வெந்நீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஆறு டீஸ்பூன் குளுக்கோஸ் பொடி. சர்க்கரை வேண்டாம், கன்றுக்கு அது செரிக்காது. இந்தக் கணக்கில் கரைத்து, இரண்டு லிட்டர் வீதம் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை, பாலுக்கு நடுநடுவே. பாலை நிறுத்த வேண்டாம். தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு அப்படியே நிற்கிறது, கண் குழிந்துவிட்டது, எழுந்து நிற்கவில்லை என்றால் வீட்டு வைத்தியம் போதாது. குளுக்கோஸ் ஏற்ற வேண்டும்.

தண்ணீர் போகிறது, கன்று தெம்பாக இருக்கிறது என்றால், நன்றாக அரைத்த சுத்தமான கரி ஒரு மேசைக்கரண்டி, தண்ணீரில் குழைத்து நாக்கில் தடவுங்கள். காலை ஒன்று, சாயங்காலம் ஒன்று, இரண்டு நாள். பாலில் கலக்காதீர்கள். குடற்புழு மருந்து கொடுத்த அன்று வேண்டாம். சீம்பால் குடிக்கிற முதல் நாட்களிலும் வேண்டாம்.

கரி கொடுப்பதற்கு முன்னால் சாணியை ஒரு தடவை நன்றாகப் பாருங்கள். ரத்தமோ சளியோ இருந்தால் ஒரு டப்பாவில் எடுத்து, அன்றே மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். கரி உள்ளே போன பிறகு இரண்டு மூன்று நாளைக்குச் சாணி கறுப்பாகத்தான் வரும், அதில் ரத்தம் இருந்தாலும் உங்களுக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது.